செர்லீனாவின் இடது கன்னம்

எங்கள் வானொலி நிலையத்தில் செர்லீனாவுக்கென்று ஒரு காலி சோடா டப்பா உண்டு. அதன் வாயை அவளே கத்தரியால் அகலமாக வெட்டி, கையைக் கிழிக்காமல் இருக்க விளிம்பை உள்பக்கம் மடித்துவிட்டிருந்தாள். சிவப்பு விளக்கு எரிவதற்கு அரை நிமிடம் முன்னால் அதில் குனிந்து துப்புவாள். புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு மைக்குக்கு அருகே நகர்வாள். பிறகு பசிபிக் கடல் நடுவே இருக்கும் எங்கள் போன்பெய் தீவு முழுக்கக் கேட்கும் அந்தக் குரலில், "அன்பானவர்களே, ஒரு துக்கச் செய்தி" என்று தொடங்குவாள்.

பதினெட்டு வருடம் எங்கள் தீவின் சாவுகளை அவள்தான் சொன்னாள். நான் பெத்ரீனா, பக்கத்து நாற்காலிக்காரி. செய்தியும் பாட்டும் என் பொறுப்பு. மரண அறிவிப்பும், கப்பலுக்காகக் காத்திருக்கும் வெளித்தீவுக்காரர்களுக்குப் போகும் தகவல்களும் அவள் பொறுப்பு. அவள் படிப்பதைக் கேட்டால் செத்தவனே எழுந்து தலைசீவிக்கொண்டு படுப்பான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அழுகிற மாதிரியும் இருக்காது, ஒப்பிக்கிற மாதிரியும் இருக்காது. உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று உங்களிடம் மட்டும் சொல்வது போல இருக்கும்.

அவள் பாக்கு மெல்லாமல் நான் பார்த்ததில்லை. பச்சைப் பாக்கைப் பல்லால் பிளப்பாள். உள்ளே சுண்ணாம்பு தூவி, அரைச் சிகரெட்டைப் பிய்த்து வைத்து, வெற்றிலையில் சுற்றி இடது கன்னத்தில் ஒதுக்குவாள். எப்போதும் இடது பக்கம்தான். "வலது கன்னம் அரசாங்கத்துக்கு, இடது கன்னம் எனக்கு" என்பாள். பதினாலு வயதில் பிடித்த பழக்கம். நானும் அவளோடு சேர்ந்து மென்றவள்தான். எனக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்றெல்லாம் கிடையாது.

அவள் கணவன் யோவானிஸ் மின்சாரக் கம்பி போடும் வேலையில் இருந்தான். பாக்கைத் தொடமாட்டான். அவனுக்குச் சகாவ். வேலை விட்டதும் நேரே சாலையோரக் குடிலுக்குப் போய், கல்லில் இடித்து நீர்ப்பருத்திப் பட்டையில் சுற்றிப் பிழிந்த வேர்ச்சாற்றை, சளி மாதிரி கெட்டியாக இறங்குவதை, கொட்டாங்கச்சி கொட்டாங்கச்சியாகக் குடிப்பான். வீட்டுக்கு வரும்போது கால் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். காலையில் எழுப்ப முடியாது. அவனை ஏற்றிக்கொள்ள வரும் வண்டிக்காரன் பாதி நாள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். தோல் மேலெல்லாம் மீன் செதில் மாதிரி உரிந்து கிடக்கும்.

அவர்கள் சண்டை கேட்க நன்றாக இருக்கும்.

"உன் வாயைக் கண்ணாடியில பாத்தியா? கோழி அறுத்த எடம் மாதிரி இருக்கு."

"என் வாயாவது செவந்திருக்கு. உன் பக்கத்துல படுத்தா கருவாட்டுக் கூடையில படுத்த மாதிரி இருக்குய்யா."

"சகாவ் குடிச்சவன் யாரையாவது அடிச்சான்னு கேள்விப்பட்டிருக்கியா நீ?"

"அடிக்கறதுன்னா எந்திரிச்சு நிக்கணுமே!"

யோவானிஸுக்கே சிரிப்பு வந்துவிடும். இரண்டு பையன்களும் குவாமுக்கு வேலைக்குப் போய்விட்ட பிறகு அந்த வீட்டில் இந்தச் சண்டைதான் பேச்சுத் துணை.

அப்போதுதான் மார்த்தீன் விவகாரம் நடந்தது.

ஒரு திங்கட்கிழமை மதியம். தீவின் தெற்கே கித்திப் பக்கம் 'மார்த்தீனோ' என்ற பெயருள்ள எண்பத்தொரு வயதுக் கிழவர் இறந்துபோயிருந்தார். தனியாள், அதிகம் பேருக்குத் தெரியாதவர். அன்றைக்குப் பார்த்து, கூட்டுகிற பெண் செர்லீனாவின் டப்பாவைக் கழுவி வெளியே வெயிலில் கவிழ்த்திருந்தாள். செர்லீனா அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே விளக்கு எரிந்துவிட்டது. வாய் நிறையச் சாற்றோடு படித்தாள். "கித்தியைச் சேர்ந்த மார்த்தீன்..." வரை வந்தது. கடைசி 'ஓ' கன்னத்துக்குள் போய்விட்டது. வயதைச் சொல்லுகிற இடத்தில் சாற்றை விழுங்கி இருமினாள். அவ்வளவுதான்.

கித்தியில் மார்த்தீன் என்று இன்னொருவர் இருந்தார். தீவிலேயே பெரிய வள்ளிக்கிழங்கு விளைவிக்கிறவர், தலைவரிடம் பட்டம் வாங்கியவர். ஒரு மணி நேரத்துக்குள் சேதி பரவியது. மூன்று மணிக்கு அவர் வீட்டு வாசலில் நாலு வண்டி. காலைக் கட்டிய பன்றிகள், அரிசி மூட்டைகள், வேரோடு பிடுங்கித் தோளில் தூக்கி வந்த சகாவ் செடிகள். அவருடைய தங்கை தரையில் புரண்டு அழுதுகொண்டிருந்தாள். மார்த்தீன் மலைச் சரிவில் கிழங்குத் தோட்டத்தில் இருந்தார். அழுகைச் சத்தம் கேட்டு, கையில் வெட்டுக்கத்தியோடு இறங்கி வந்தார். வாசலில் ஒருவன் குனிந்து பன்றிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"யாருப்பா செத்தது?" என்று கேட்டார் மார்த்தீன்.

"மார்த்தீன் ஐயா போயிட்டாருங்க," என்றான் அவன் நிமிராமல். "நல்ல மனுஷன். கொஞ்சம் கஞ்சம்."

பிறகு நிமிர்ந்தான். கயிறு கையைவிட்டு நழுவியது. பன்றி அழுகிறவர்களுக்கு நடுவே புகுந்து ஓடியது.

இந்த மட்டோடு போயிருந்தால் அவரே சிரித்திருப்பார். ஆனால் ஈரப்பலா மரத்தடியில் அவருடைய பங்காளிகள் இரண்டு பேர், அவருடைய பட்டம் இனி யாருக்குப் போக வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்ததை அவர் கேட்டுவிட்டார். அது உள்ளே தைத்துவிட்டது. துக்கத்துக்குக் கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போகும் வழக்கம் இல்லாததால், எல்லாவற்றையும் மறுபடி வண்டியில் ஏற்றி உண்மையாகவே செத்துப்போன மார்த்தீனோ வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நாலு பேர்கூட வராத அந்தக் கிழவருக்கு நாலு நாள் விருந்தோடு அடக்கம் நடந்தது. செர்லீனாவால் ஒருவருக்காவது நல்லது நடந்தது என்று நான் சொன்னதற்கு அவள் சிரிக்கவில்லை.

மார்த்தீன் ஆள் அனுப்பினார். அந்தப் பொம்பளை இனிமேல் மைக்கைத் தொடக்கூடாது, தொட்டால் கித்தியில் ஒருவனும் ரேடியோ திறக்கமாட்டான் என்று. நிலைய அதிகாரி செர்லீனாவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தவள் என் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அந்த நேரத்திலும் கன்னத்தில் பாக்கு இருந்தது.

அசையவே சோம்பல்படுகிற யோவானிஸ்தான் காரியத்தில் இறங்கினான். மகன் கல்யாணத்துக்கென்று வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு வருடமாக வளர்த்த சகாவ் செடியைத் தோண்டினான். வேர் ஒரு ஆள் அகலம் இருந்தது. சனிக்கிழமை காலையில் அவனும் அவன் அண்ணனும் அதை மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு மார்த்தீன் வீட்டு முற்றத்தில் போய் நின்றார்கள். நானும் செர்லீனாவும் பின்னால். விடிந்ததிலிருந்து அவள் வாயில் ஒன்றும் போடவில்லை.

மன்னிப்புக்கென்று கொண்டுவந்த சகாவை எங்களிடையே யாரும் மறுக்க முடியாது. மறுத்தால் மறுத்தவன்தான் கெட்டவன். ஆனால் வாங்கிக்கொள்ள எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

கருங்கல் பலகையில் வேரை இடித்தார்கள். கல் மணி மாதிரி ஒலித்தது. அண்ணன் பேசினார்: "எங்க வீட்டுப் பொண்ணு வாய் தப்பிடுச்சு. அந்தத் தப்பை நாங்க எல்லாரும் சொமந்துக்கிட்டு வந்திருக்கோம்." யோவானிஸ் கொட்டாங்கச்சியை ஏந்தி, மரியாதைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினான். மார்த்தீன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈ வந்து விளிம்பில் உட்கார்ந்தது. போனது. மறுபடி உட்கார்ந்தது. யோவானிஸின் கைமுட்டி ஆடத் தொடங்கியது. அப்புறம் மெதுவாக வாங்கி, கண்ணை மூடி, ஒரே இழுப்பில் குடித்தார். முற்றத்தில் எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

"ஏம்மா, நீயும் இங்க வா," என்றார் செர்லீனாவிடம். "நீயும் குடி."

"எனக்கு இந்தக் கசப்பு ஒத்துக்காதுங்க."

"ஏண்டாப்பா, இவ என்னையே கொன்னுட்டா. இவளுக்குக் கசப்பு ஒத்துக்காதாம்!"

கூட்டம் சிரித்தது. அவள் குடித்துவிட்டு முகத்தை அஷ்டகோணலாக்கினாள். மார்த்தீன் சிரிக்காமல் சொன்னார்: "இனிமே வாயைக் காலி பண்ணிட்டுப் படி. செத்தவனுக்கு அவன் பேரு ஒண்ணுதான் மிச்சம். அதை முழுசாச் சொல்லு."

அதிலிருந்து அந்த மனிதர் ஒரு நாள் மதிய அறிவிப்பைத் தவறவிட்டதில்லை. முதலில் குற்றம் கண்டுபிடிக்கத்தான் கேட்டார். பிறகு பழகிவிட்டது. இன்றைக்கு வேகமாகப் படித்தாய், இன்றைக்கு ஜலதோஷமா என்று தொலைபேசியில் சொல்வார். மாதம் ஒரு முறை வள்ளிக்கிழங்கு வரும், கஞ்சம் இல்லை என்று காட்டுவதற்காகவே பெரிதாக.

இரண்டு வருடம் கழித்து ஒரு மதியம் நேரிலேயே வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"ஏம்மா, நீ 'ஆ'ன்னு சொல்றது வர வர 'ஓ'ன்னு கேக்குதே, ஏன்?"

"உங்க ரேடியோ பழசாயிருக்கும்."

"புது ரேடியோ. பையன் ஹவாயிலேருந்து அனுப்பினது. வாயைத் தொற பாப்போம்."

"என்ன பெரியவரே, மாட்டுச் சந்தையில பல்லுப் பிடிச்சுப் பாக்கற மாதிரி!"

அவர் அசரவில்லை. தன் மூன்று விரலைச் சேர்த்து, நிமிர்த்தித் தன் வாய்க்குள் விட்டுக் காட்டினார். "எங்க ஊருக்கு வந்த நர்சு சொன்னா. இப்படி மூணு வெரலு போகணும், போகலன்னா உள்ள ஏதோ நோவு. செஞ்சு காட்டு, நான் போயிடறேன்."

செர்லீனா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிந்தது. இரண்டு விரலே போகவில்லை. நான் மேசைக்குக் கீழே குனிகிற மாதிரி குனிந்து, என் வாயில் விட்டுப் பார்த்தேன். மூன்றும் போயின. அப்பாடா என்று இருந்தது. அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது.

மார்த்தீன் போன பிறகு அவள் சொன்னாள். "எனக்குத் தெரியும் பெத்ரீனா. ஒரு வருஷமா உள்ள வெள்ளையா ஒரு திட்டு இருக்கு. சூடா ஒண்ணும் குடிக்க முடியல. சுண்ணாம்பு சுட்டுடுச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ நிறுத்தச் சொல்லுவே. நீயும் நிறுத்தணும். ரெண்டு பேருக்கும் கஷ்டம்."

மருத்துவர் அவள் கன்னத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார். முடிவு வர ஆறு வாரம் ஆனது. புற்று. தாடை எலும்பு வரை போயிருந்தது. அரசாங்கம் அவளை மணிலாவுக்கு அனுப்பியது. கூடப் போக ஒருவருக்குத்தான் அனுமதி. யோவானிஸ் போனான். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சகாவ் இல்லாமல் இருந்தறியாதவன். விமான நிலையத்தில் அவன் குடில் கூட்டாளிகள் எல்லோரும் செர்லீனாவை விட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

மூன்று மாதம். இடது தாடையில் ஒரு துண்டும் கன்னத்தின் உள்பக்கமும் எடுக்கப்பட்டன. தொடையிலிருந்து தோலை எடுத்து அங்கே வைத்துத் தைத்தார்கள். பிறகு கதிர் வைத்தியம். யோவானிஸ் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றக் கற்றுக்கொண்டான். முதல் வாரம் சகாவ் இல்லாமல் வேர்த்து விறுவிறுத்து நடைபாதையிலேயே நடந்துகொண்டிருந்தானாம். அப்புறம் அவனுடைய செதில் தோல் உரிந்து கீழே புதுத் தோல் வந்தது.

திரும்பி வந்த பிறகு ஒரு நாள் என்னிடம் சொன்னான். "ஆறு மணிக்கு மேல முழுசா முழிச்சிருந்தது அங்கதான் பெத்ரீனா. இருபத்தாறு வருஷத்துல அவ தூங்கறப்போ மொகம் எப்படி இருக்கும்னு நான் பாத்ததே இல்ல. பாத்தப்போ பாதி மொகத்தைக் கட்டுப் போட்டு வெச்சிருந்தாங்க."

செர்லீனா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. முகம் இடது பக்கம் உள்வாங்கி, உதடு கீழே இழுத்துக்கொண்டிருந்தது. துண்டால் மறைத்துக்கொண்டே இருந்தாள். பேசினால் எச்சில் வழிந்தது. அதனால் நோட்டில் எழுதிக் காட்டினாள். சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு பேர் வந்து, பள்ளிக்கூடங்களுக்கு வந்து பிள்ளைகள் முன்னால் நில்லுங்கள், உங்களைப் பார்த்தால் பாக்கைத் தொடமாட்டார்கள் என்று கேட்டார்கள். அவள் நோட்டில் எழுதினாள்: 'நான் என்ன பூச்சாண்டியா?' அவர்கள் போன பிறகு அடியில் இன்னொரு வரி எழுதி என்னிடம் நீட்டினாள்: 'நல்ல மனுஷங்கதான். ஆனா இன்னைக்கு முடியாது.'

வாரம் இரண்டு முறை போவேன். ஒரு தடவை என் பையை உற்றுப் பார்த்தாள். உள்ளே பாக்கும் வெற்றிலையும் இருந்தன. ஒளித்துத்தான் வைத்திருந்தேன். அந்த வாசனைக்கு எந்தப் பை தடுப்பு?

"குடு," என்றாள் குழறலாக. "மோந்து மட்டும் பாக்கறேன்."

கொடுத்திருக்கக் கூடாதுதான், கொடுத்தேன். வெற்றிலையையும் சுண்ணாம்பு டப்பியையும் மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கண்ணோரம் தண்ணீர் வந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு, "போடி. இங்க ஒக்காந்து மெல்லாதே" என்றாள். போகிற வழியில் எல்லாவற்றையும் சதுப்பு மரங்களுக்கு நடுவே வீசி எறிந்தேன். மறுநாள் காலையில் கடையில் புதிதாக வாங்கினேன். நான் நிறுத்துவதற்கு அதற்கப்புறம் நாலு தடவை முயற்சி பண்ண வேண்டியிருந்தது.

அவள் இல்லாத நாட்களில் அவள் வேலையும் என் தலையில்தான். துக்கச் செய்தியைச் சமாளித்தேன். வெளித்தீவுத் தகவல்கள்தான் தகராறு. ஒரு நாள் பிங்கெலாப் தீவிலிருந்து ஆசிரியர் ஒருவர் கம்பியில்லாத் தொலைபேசியில் கூப்பிட்டார். பேச்சுத் துணையாக இருக்கட்டும் என்று அன்று செர்லீனாவை நான் நிலையத்துக்கு இழுத்து வந்திருந்தேன். துண்டோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த வேகமாப் பேசுற பொம்பளைய நிறுத்துங்கய்யா!" அறை முழுக்க அவர் குரல் கேட்டது. "இங்க ஒரே இரைச்சல். கப்பல் செவ்வாக்கிழமை வருதுன்னாளா, வரலன்னாளா? ஊரே ரெண்டு கட்சியா நிக்குது."

மூலையிலிருந்து ஒரு சத்தம். செர்லீனா சிரித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்த பிறகு அவள் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. துண்டு மடியில் விழுந்து கிடந்தது, அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

"நீதான் படியேன்," என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். இருபது வருடமாக ரேடியோவில் பேசுகிறவளை வேகமாகப் பேசுகிற பொம்பளை என்றால்?

"என்னால முடியாது. குழறுது."

"மெதுவாப் படி. யாரு வெரட்டறாங்க?"

மூன்று வாரம் பயிற்சி. யோவானிஸ் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொள்வான். அவள் நிலையத்து வாசல் படியிலிருந்து ஒரு வாக்கியம் சொல்வாள். வண்டிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டதை அவன் திருப்பிக் கத்துவான். "அரிசி ரெண்டு மூட்டை" என்று இவள் சொன்னால் "அரசி ரெண்டு மூக்குத்தி!" என்று அங்கிருந்து வரும். வேண்டுமென்றே செய்கிறானோ என்று எனக்கு இன்னும் சந்தேகம். நாக்கை வலது பக்கம் தள்ளி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்க அவள் பழகினாள். ஒரு சொல், ஒரு மூச்சு, அடுத்த சொல்.

ஒரு வெள்ளிக்கிழமை மைக் முன்னால் உட்கார்ந்தாள். நான் ஐந்து நிமிடத்தில் படிக்கிற தகவல்கள் அவளுக்குப் பதினாறு நிமிடம் ஆயின. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வெளியே நின்றார். அவள் முடித்துச் சிவப்பு விளக்கு அணைந்தபோது கழுத்துத் துண்டு நனைந்திருந்தது. கால் மணி நேரத்தில் பிங்கெலாப்பிலிருந்து அழைப்பு.

"ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு! புதுசா ஆள் போட்டிருக்கீங்களா?"

"பழைய ஆளுதான்," என்றார் அதிகாரி.

"அவங்களா? நாங்க அவங்க போயிட்டாங்கன்னு நெனச்சோம்" என்றது அந்தப் பக்கத்துக் குரல். செர்லீனா எழுந்து ஜன்னலோரம் போய்விட்டாள்.

மார்த்தீன் அன்று மாலை தொலைபேசியில் கூப்பிட்டார். அவருக்கு வெளித்தீவில் யாருமே கிடையாது. ஆனாலும் பதினாறு நிமிடத்தையும் கேட்டிருந்தார். "நிதானமா இருக்கு," என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது.

இது ஆறாவது வருடம். பரிசோதனைக்கு ஒழுங்காகப் போகிறாள். இதுவரை ஒன்றும் திரும்பி வரவில்லை. துக்கச் செய்தி என்னிடமே இருக்கிறது. அவள் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. பள்ளிக்கூடங்களுக்கு இன்னும் போவதில்லை. ஆனால் நிலையத்துக்கு வருகிற பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்த்துத் தயங்கினால், கூப்பிட்டு உட்காரவைத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறாள். யோவானிஸ் சகாவ் குடிப்பது சனிக்கிழமை மட்டும்தான். அப்புறம் கல்யாணம், கருமாதி, பட்டம் சூட்டும் விருந்து. எங்கள் தீவில் அது வாரத்துக்கு மூன்று நாள் வந்துவிடும். ஆனாலும் காலையில் எழுந்துவிடுகிறான்.

தினமும் பதினொரு மணிக்கு அவன் தூக்குப் பாத்திரத்தோடு வருவான். வேகவைத்த ஈரப்பலாவைத் தேங்காய்ப் பால் விட்டுப் பிசைந்து கொண்டுவருவான். அவளால் மென்று சாப்பிட முடியாது, விழுங்க அரை மணி நேரமாகும். நேற்றும் வந்தான். "இன்னைக்கு உப்பு சரியா?" என்றான். "நேத்தைக்கு இன்னைக்கு தேவலாம்," என்றாள் அவள். தாடையில் வழிந்ததை அவன் துடைக்கப் போனான். "நானே தொடைச்சுக்குவேன், கையை எடு" என்று தட்டிவிட்டாள். நான் செய்தி படிக்க உள்ளே போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருவரும் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. சத்தம்தான் கேட்கவில்லை.